ஹால் மூலையில் ஒரு கேப்டன்

மூன்றாவது மாடி பால்கனியில் நின்று கீழே பார்த்தால் தலைசுற்றுகிறது என்பார். அதே மனிதர் சனிக்கிழமை ராத்திரி ஆனால் 4,000 அடி உயரத்தில் செஸ்னா 172 ஓட்டிக்கொண்டிருப்பார். ஹால் மூலையில் மூன்று திரைகள், ஒரு ஜாய்ஸ்டிக், தலையில் ஹெட்செட், இடுப்பில் லுங்கி. எந்த ஊர் கன்ட்ரோல் டவர் கூப்பிட்டாலும் பதில் சொல்வார். "ஏங்க, பால் பொங்குது" என்ற அழைப்பு மட்டும் எந்த அலைவரிசையிலும் அவருக்கு எட்டாது.

இந்த வர்க்கம் புதிதல்ல. மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது 1982-ல். விண்டோஸ் வருவதற்கு 3 ஆண்டுகள் முன்பே வீட்டில் உட்கார்ந்து பறக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆரம்பகாலப் பதிப்புகளில் விமானம் கிளம்புவது சிகாகோ ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் ஃபீல்டிலிருந்து. 2003-ல் அந்த ஊர் மேயர் இரவோடு இரவாக புல்டோசர் விட்டு அந்த ஓடுபாதையைத் தோண்டிப் போட்டார். மூத்த கேப்டன்கள் இன்றும் பூர்வீக நிலம் பறிபோனதுபோல அதைப் பற்றிப் பேசுவார்கள். சிகாகோ பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

கேப்டனின் வாரக் கடைசி பெரும்பாலும் தரையில்தான் கழியும். முதலில் எஞ்சின் கிளம்பாது. மிக்சர் குமிழ் பின்னால் இழுபட்டு, எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாமல் கிடக்கும். முதல் பாடத்திலேயே சொல்லித்தரும் சங்கதி. கேப்டன் சந்தேகப்படுவதோ கிராஃபிக்ஸ் டிரைவரை. அதை அழித்து மறுபடி ஏற்றுவார். யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகுவார். ராத்திரி பதினொன்றுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகன், திரையில் சிவப்புக் குமிழை முன்னால் தள்ளிவிட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்பான். எஞ்சின் உறுமும்.

"பாத்தியா, டிரைவர் மாத்தினதும் சரியாயிடுச்சு!"

அடுத்தது மீனம்பாக்கம் ஓடுபாதை. த்ராட்டிலைத் தள்ளியதும் விமானம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு புல்தரையை நோக்கி ஓடும். கேப்டன் ஜாய்ஸ்டிக்கை அளவு திருத்துவார். காற்றின் வேகத்தைப் பூஜ்யமாக்குவார். கடைசியில் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது ஜாய்ஸ்டிக்கே வாங்கி வந்துவிடுவார். அதுவும் இடப்பக்கம்தான் இழுக்கும். ஏனென்றால் செஸ்னாவுக்கு அது பிறவிக்குணம். உள்ளே இருப்பவர் பார்வைக்கு புரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுழல்கிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கம் அறைகிறது. மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. மூக்கைத் தூக்கி ஏறும்போது வலப்பக்கம் கீழிறங்கும் பிளேடு கூடுதலாக இழுப்பதால் தொந்தரவு இன்னும் அதிகம். மருந்து, வலது பெடலை மிதிப்பது. நிஜப் பயிற்சியாளர்கள் "ரைட் ரடர், ரைட் ரடர்" என்று தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான். பாவம், பழைய ஜாய்ஸ்டிக் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இது தெரிந்த நாளிலிருந்து ஊருக்கு நிம்மதி போயிற்று. கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே, அப்பளத்தைச் சுழற்றிக் காட்டி, புரொப்பெல்லர் பாடம் நடத்துவார்.

பறக்க ஆரம்பித்த பிறகு பார்வை முழுக்க முட்களின் மேல்தான். இலகு விமானத்தை வெளியே அடிவானத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். அவர் உயரமானியின் முள்ளைத் துரத்துவார். அது 200 அடி மேலே போகும், இவர் அழுத்துவார். 300 அடி கீழே போகும், இழுப்பார். கூடவே பார்த்துக்கொண்டிருக்கும் மாமனாருக்குத்தான் வயிற்றைப் பிரட்டும்.

நிஜ விமானத்தில் ஏறினால் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் சீட் கேட்டு வாங்குவார். ஃப்ளாப் இறங்கும் சத்தம் கேட்டதும் பக்கத்து சீட்காரரைத் தட்டி, "பயப்படாதீங்க சார், ஃப்ளாப்தான்" என்பார். தூங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அதற்குப் பிறகுதான் பயம் வரும். சக்கரம் தரையைத் தொட்டதும், "ஃப்ளேர் கொஞ்சம் லேட்" என்று விமானிக்கு மதிப்பெண் குறைப்பார். வீட்டில் இவர் இறக்கும் செஸ்னா 65 நாட் வேகத்தில் வரவேண்டிய இடத்தில் 90-ல் வந்து, ஓடுபாதை நெடுக மிதந்து, வேலியைத் தாண்டி நிற்பது வேறு கதை.

எப்போதாவது எல்லாம் ஒழுங்காக அமைகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். எஞ்சின் ஒரே முயற்சியில் கிளம்பும். மதுரைக்குச் சுமார் இரண்டு மணி நேரப் பயணம், மேகம்கூட இல்லை. அரை மணியில் கேப்டனுக்குக் கொட்டாவி வந்துவிடும். செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நடுவானில் நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுவார்.

நல்லவேளையாக, அன்று ராத்திரியே ஒரு அப்டேட் இறங்கும். காலையில் ஃப்ளாப் பட்டனை அழுத்தினால் லேண்டிங் விளக்கு எரியும். பிரேக் பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும். கேப்டன் முகத்தில் ஒரு வாரமாகக் காணாத தெளிவு. உடனே பெங்களூரில் இருக்கும் இன்னொரு கேப்டனுக்கு போன் போடுவார்.

"சார், உங்களுக்கும் போச்சா? அப்படியா! இருங்க சார், லைன்லயே இருங்க" என்பார், ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டே.