வந்த கார்டை ஊருக்குக் காட்டலாமா?

அஞ்சலட்டை என்பது, எழுதியவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே உரியது என்ற பாவனையில் எழுதப்பட்டு, வழியில் கைமாறும் இடமெல்லாம் படிக்கப்பட்டு, உரியவர் கையில் சேரும் வேளையில் அவரைத் தவிர மற்றெல்லாருக்கும் செய்தி தெரிந்திருக்கும் ஒரு கடித வகையாகும். தமிழ்நாட்டுத் தெருக்களில் தபால்காரர் கார்டை நீட்டும்போதே, "மாப்பிள்ளைக்கு மாற்றலாகிவிட்டதாம், வெள்ளிக்கிழமை வருகிறார்களாம்" என்று சாரத்தையும் சேர்த்துக் கொடுத்த காலம் உண்டு. எழுத்தறியாத வீடுகளில் அவரே முழுவதும் படித்துக் காட்டி, வேண்டுமானால் பதிலும் எழுதிக் கொடுத்தார். அதை அத்துமீறல் என்று ஒருவரும் சொல்லவில்லை. படித்து முடித்த கார்டும் ஒளித்து வைக்கப்படவில்லை. கூடத்து உத்தரத்தில் தொங்கும் வளைந்த கம்பியில் மற்றக் கடிதங்களோடு அதுவும் குத்தப்பட்டது. காப்பி வரும்வரை பொழுது போகாத விருந்தாளி அக்கம்பியைத் தம் பக்கம் திருப்பி, கடந்த ஆறு மாதத்துக் குடும்ப வரலாற்றை வாசித்து முடிப்பது வழக்கமாகவே இருந்தது. இவ்வளவு பேர் படித்த அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களின் வாதம், ஆகவே, முதற்பார்வைக்குப் பலமானதே.

இவ்வாதம் அஞ்சலட்டைக்கு முன்பே பிறந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1865இல் ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான் என்ற ஜெர்மானிய அஞ்சல் அதிகாரி உறையில்லாத திறந்த அட்டையை முன்மொழிந்தபோது, அந்தரங்கத்தை இப்படித் திறந்துபோட்டு அனுப்புவது முறையல்ல என்ற தயக்கமும் அந்த யோசனைக்குக் குறுக்கே நின்றது. பின்னர் வியன்னாவைச் சேர்ந்த பொருளியல் பேராசிரியர் இமானுவேல் ஹெர்மான் செலவுக் கணக்கைக் காட்டி எழுத, 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு உலகின் முதல் அரசு அஞ்சலட்டையை வெளியிட்டது. அட்டையில் எழுதப்படும் செய்திக்கு அஞ்சல் துறை பொறுப்பல்ல என்று அதிலேயே அச்சிடவும் செய்தார்கள். இன்றைய சமூக ஊடக நிறுவனங்கள் யாரும் படிக்காத நாற்பது பக்க நிபந்தனைகளில் சொல்வதை அந்த அரசு ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இந்தியாவுக்கு 1879 ஜூலையில் காலணா விலையில் கார்டு வந்து சேர்ந்தபோது, உறைக்கும் தபால்தலைக்கும் செலவு செய்வதைவிடத் தெருவுக்கு ரகசியம் தெரிவதே மலிவு என்று மக்கள் உடனே கணித்துவிட்டார்கள்.

ஆனால், வழியில் படித்தவர்கள் எத்தகையவர்கள் என்று பார்த்தால் வாதத்தின் பலம் குறையத் தொடங்குகிறது. கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஊழியர் ஆயிரம் கார்டுகளுக்கு நடுவில் ஒன்றைப் படித்து அடுத்த கார்டில் அதை மறப்பவர். தபால்காரருக்குச் செய்தி தெரியும், ஆனால் அது அவருடைய சரக எல்லையைத் தாண்டாது. கம்பியைத் திருப்பிய விருந்தாளிகூட அதற்காக வீடு தேடி வந்து, உட்கார்ந்து, அந்த வீட்டுக் காப்பியைக் குடித்தாக வேண்டும். இணையத்தில் படிப்பவருக்கு இத்தகைய கஷ்டம் ஒன்றுமில்லை. அவர் மறக்கவும் மாட்டார், மறந்தாலும் தேடுபொறி நினைவூட்டும். தகவல் எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு கொடுக்கப்பட்டதோ அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்பப் பாய்வதே அந்தரங்கம் என்றும், எவருக்குமே தெரியாமல் இருப்பதுதான் அந்தரங்கம் என்பது தவறு என்றும் ஹெலன் நிசன்பாம் என்ற அறிஞர் 2004இல் எழுதிய கட்டுரையில் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கோட்பாடாக்காமலே கடைப்பிடித்தார்கள்: சாவுச் செய்தி தாங்கிவந்த கார்டு கம்பிக்குப் போகாமல் படித்த இடத்திலேயே கிழிக்கப்பட்டது.

கடிதம் யாருடையது என்ற கேள்விக்கும் பழைய விடை ஒன்று உண்டு. அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞர், தம் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்டதாக எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர்மீது தொடுத்த வழக்கில், கடிதத்தாள் பெற்றவருக்கே சொந்தம், ஆனால் அதிலுள்ள சொற்களை வெளியிடும் உரிமை எழுதியவருக்கே உண்டு என்று 1741இல் முடிவாயிற்று. இவ்வளவு கோபப்பட்ட போப்தான், அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன் தம் கடிதங்கள் அதே கர்ல் கையில் சிக்கும்படி ரகசியமாக ஏற்பாடு செய்தவர் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பின்னர் கண்டுபிடித்தனர். 'யாரோ பகிர்ந்துவிட்டார்கள்' என்று அலுத்துக்கொண்டே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களின் மூதாதை அவரே. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படியும் எழுத்துக்கு உரிமையாளர் எழுதியவரே. அவர் இறந்து 60 ஆண்டுகள்வரை அவ்வுரிமை நீடிக்கிறது. படப்பக்கத்தையாவது தாராளமாகப் போடலாமே என்றால், அங்கே புகைப்படக்காரரின் உரிமை காத்துக்கொண்டிருக்கிறது என்பதை இங்கே மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது நலம்.

இச்சிக்கல் இன்று மிகுதியாக எழும் இடம் போஸ்ட்கிராசிங் எனப்படும் அட்டைப் பரிமாற்றமாகும். போர்ச்சுக்கல் மாணவர் பாலோ மகல்யாயிஷ் 2005இல் தொடங்கிய இதில், உறுப்பினருக்கு ஏதோ ஒரு நாட்டில் உள்ள, முன்பின் தெரியாத ஒருவரின் முகவரி கிடைக்கும். அவருக்கு அட்டை அனுப்பி, அவர் அதிலுள்ள அடையாள எண்ணைப் பதிவுசெய்ததும், அனுப்பியவரின் முகவரி வேறொரு அந்நியரிடம் போகும். முழுக்க நம்பிக்கையில் ஓடும் ஏற்பாடு இது. பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கத் தயங்குபவர்கூடப் பின்லாந்துக்காரரிடம் கதவு எண்ணைக் கொடுக்கிறார். பின்லாந்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தது பின்லாந்து முழுமைக்கும் கொடுத்ததாகாது.

இதை உணர்ந்தவர்கள் முகவரியை மறைத்தே படம் போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மறைக்கும் கலை இன்னும் குழந்தைப் பருவத்திலேயே இருக்கிறது. முதல் வகையினர் கட்டைவிரலால் மறைப்பவர்கள்: விரல் வீட்டு எண்ணை மறைக்க, தெருவும் ஊரும் விரலுக்கு இருபுறமும் எட்டிப் பார்க்கும். அடுத்தவர்கள் தம் முகவரியை மூன்று பூக்களாலும் ஒரு இமோஜியாலும் பத்திரமாக மூடிவிட்டு, இடது ஓரத்தில் அனுப்பியவர் பொடி எழுத்தில் எழுதிய முகவரியை அப்படியே விட்டுவிடுபவர்கள். தன்னலத்துக்கு இதைவிடத் தெளிவான படச்சான்று கிடைப்பது அரிது. மூன்றாமவர் கைப்பேசியின் திருத்தும் வசதியில் உள்ள கறுப்புப் பேனாவால் தேய்ப்பவர். அப்பேனாக்களுள் சில உண்மையில் ஒளி ஊடுருவும் ஹைலைட்டர் வகை. பலமுறை தேய்த்தால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியுமே தவிர, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் முகவரி புதுப்பொலிவுடன் எழுந்து நிற்கும். இக்கட்டுரையாளர் பரிந்துரைப்பது, படமெடுப்பதற்கு முன்பே அட்டையின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிடும் பழைய முறையையே. அதை எந்த மென்பொருளாலும் விலக்க இயலாது.

பெயரும் தெருவும் மறைந்தபின் எஞ்சும் எண்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் வழங்கிவரும் ஆறு இலக்கப் பின்கோடு ஓர் அஞ்சலகத்தின் வட்டாரத்தையே குறிப்பதால், அதை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டைத் தேடுபவர் மாம்பலம் முழுவதும் அலைந்தாக வேண்டும். ஆகவே 'வெறும் பின்கோடுதானே' என்று விடுவது இந்திய மனத்துக்கு இயல்பு. ஆனால் அயர்லாந்தில் 2015இல் வந்த ஐர்கோடு என்னும் ஏழு எழுத்துக் குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியானது. சிங்கப்பூரின் ஆறு இலக்க எண் பெரும்பாலும் ஒரே கட்டடத்தைக் காட்டும். அவற்றை விட்டுவைத்துப் பெயரை மட்டும் மூடுவது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த அட்டையின் அடியோரத்தில் எறும்பு வரிசைபோல் இயந்திரம் அடித்துவிடும் சிறு கோடுகளும் அலங்காரமல்ல; கடிதம் சேரவேண்டிய இடம் அந்தப் பார்கோட்டில் குறியீடாக இருக்கிறது. இந்திய அஞ்சல் துறையும் 2025இல் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்தைச் சுட்டும் டிஜிபின் என்ற பத்தெழுத்துக் குறியீட்டை அறிமுகப்படுத்தியிருப்பதால், 'வெறும் பின்தானே' என்னும் நிம்மதி நமக்கும் நெடுநாள் நீடிக்காது.

முகவரியைக் காட்டிலும் ஆபத்தானது செய்திப்பக்கம். "வேலையை விட்டுவிடப் போகிறேன், அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை" என்று ஒருவர் நண்பருக்கு மலைவாசத்தலத்திலிருந்து எழுதுகிறார். நண்பர் அந்தக் கையெழுத்தின் அழகில் சொக்கி ஸ்டேட்டஸில் வைக்கிறார். மேலாளரும் அதே அழகில் சொக்குகிறார். "முப்பதாம் தேதிவரை இங்கேதான் இருப்போம்" என்பது பாசமான வரி. பூட்டிய வீடு எது என்று தேடுபவருக்கோ அது நேர அட்டவணை. எழுதியவர்கூடச் சம்மதித்துவிடலாம், "அத்தையின் சர்க்கரை 300க்கு ஏறிவிட்டது, சொன்னாலும் மைசூர்பாக்கை விடுவதில்லை" என்ற வரியில் வரும் அத்தையிடம் யாரும் கேட்பதில்லை. அவர் எழுதவுமில்லை, பெறவுமில்லை. அவருடைய சர்க்கரையளவு மட்டும் உலகம் சுற்றுகிறது.

இதற்கெல்லாம் சட்டம் துணைக்கு வருமென்று காத்திருப்பதில் பெரும்பயனில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகக் கையாளும் தரவைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. அத்தையின் சார்பில் வாதாட வழக்கறிஞர் கிடைப்பது கடினம். ஆகவே கார்டு பெற்ற வாசகர்கள் படப்பக்கத்தை மட்டும் போட்டு, எழுத்துப்பக்கத்துக்கு எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு வைக்கப்படும் வேண்டுகோள். தொலைபேசியில் கேட்கக் கூச்சமாக இருந்தால் கார்டிலேயே கேட்டு எழுதலாம். உள்நாட்டுக் கார்டு 50 பைசாதான்.