பூட்டுக்கும் நாடி உண்டு

சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று போன இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களில் பாதிப் பேர் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். மீதிப் பேர் என் வீடு எந்த ஏரியா என்று கவலையோடு விசாரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் தன் பக்கத்து வீட்டு விலாசத்தை இணைத்து அனுப்பியிருந்தார். அதைக் கிழித்துப் போட்டாயிற்று. மற்றவர்களுக்கு இதோ பதில்.

கம்பி செட் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வீடியோவில் வருகிறவர் "ரெண்டாவது பின் இறுக்கமா இருக்கு, மூணாவது லூசு" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி அடுக்குகிறார். எனக்கு எல்லாப் பின்னும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. என் விரல் மரத்துவிட்டதா?
— மரக்கட்டை விரல், மதுரை

விரலில் கோளாறு இல்லை. கோளாறு இன்னொரு கையில்.

பின் பூட்டுக்குள் ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரு கூடு. கூட்டிலிருந்து ஸ்பிரிங் தள்ள, ஐந்தாறு பின்கள் உருளைக்குள் இறங்கி அதைத் திரும்பவிடாமல் மறித்து நிற்கின்றன. ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. சரியான சாவியைப் போட்டால் துண்டுகள் பிரியும் இடமெல்லாம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்துவிடும், உருளை திரும்பும். எகிப்தியர்கள் மரத்தில் செய்த யோசனைதான். அதை உலோகத்தில் கைக்கடக்கமாக்கி 1861இலும் 1865இலும் காப்புரிமை வாங்கினார் அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர்.

காகிதத்தில் பின்கள் இறங்கும் துளைகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். தொழிற்சாலையில் துளை போடும்போது தலைமுடி கனமாவது விலகும். அந்த விலகலில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. இன்னொரு கையிலுள்ள திருப்புக் கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஒரே ஒரு பின் மட்டும் முதலில் மாட்டிக்கொள்ளும். அதைத் தூக்கி விளிம்புக்குக் கொண்டுவந்தால் உருளை இம்மி திரும்பும். அடுத்த பின் மாட்டும். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் அடுத்தவர் தராசுக்கு வருவார்.

நீங்கள் திருப்புக் கம்பியை அமுக்குகிற அமுக்கில் வரிசையே கலைந்து எல்லோரும் ஒன்றாக முண்டுகிறார்கள். எல்லாப் பின்னும் இறுகிக் கிடந்தால் எது இறுக்கம், எது லூஸ் என்று எப்படித் தெரியும்? சித்த வைத்தியர் நாடி பார்க்கும்போது மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கிறார், நசுக்குவதில்லை. நசுக்கினால் துடிப்பே கிடைக்காது. அப்புறம் வாதமுமில்லை, பித்தமுமில்லை, ஆளே இல்லை என்று சீட்டு எழுத வேண்டியதுதான்.

லேசாக, லேசாக என்கிறீர்கள். லேசு என்றால் எவ்வளவு?
— அளவுகோல், திருச்சி

தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பிஸ்கட்டை உருவுகிற அளவு.

கணக்காக வேண்டுமென்றால், திருப்புக் கம்பி மேல் வைத்திருக்கும் விரலின் நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்திருந்தால் அதிகம். உடனே பாதியாகக் குறையுங்கள். குறைத்தது போதும் என்று தோன்றும்போது இன்னொரு தடவை குறையுங்கள். கம்பியே நழுவி விழுந்தால் அதுதான் தரை மட்டம். அதற்குக் கொஞ்சம் மேலே நில்லுங்கள். பின்னைத் தொடுகிற கம்பியையும் பேனா மாதிரிதான் பிடிக்க வேண்டும், கடப்பாரை மாதிரி அல்ல. விரல் நுனியில் அதிர்வை அறிவதற்கென்றே பசினியன் என்ற நுண்ணுறுப்புகள் தோலுக்கடியில் இருக்கின்றன. நொடிக்கு 250 துடிப்பு அளவிலான அதிர்வில் அவை மிகக் கூர்மை. இரும்புப் பிடி பிடித்தால் உங்கள் தசையின் நடுக்கமே அவற்றின் காதை அடைத்துவிடும். தடித்த ரப்பர் கைப்பிடி போட்ட கம்பிகளும் எனக்குப் பிடிக்காது. கைக்கு சுகம், காதுக்குப் பஞ்சு.

வாங்கிய பூட்டு பத்தே நொடியில் திறந்துவிட்டது. நான் மேதையா?
— பத்து நொடி, சேலம்

மறுபடி பூட்டித் திறவுங்கள். பேசலாம்.

உள்ளே நிறைய "கிளிக்" கேட்கிறது. எது நல்ல கிளிக், எது கெட்ட கிளிக்?
— ஒட்டுக் கேட்பவர், கோவை

சத்தத்தை நம்பிப் போனவன் நானும்தான். ஆறு மாதம் வீணாயிற்று. ஸ்பிரிங் நெளிந்தாலும் கிளிக், கம்பி வழுக்கினாலும் கிளிக். சத்தம் கேட்டதும் போய் விசாரியுங்கள். பின்னைத் தொட்டுப் பார்த்தால் அதுவே பதில் சொல்லும்.

தொட்டதும் மெத்தை மாதிரி அமுங்கி எழும்பினால் அங்கே ஸ்பிரிங் மட்டும்தான் பேசுகிறது. அதன் முறை இன்னும் வரவில்லை, விட்டுவிடுங்கள். திண்ணையில் உட்கார்ந்த தாத்தா மாதிரி அசைய மறுத்தால் அதுதான் மாட்டியிருக்கும் பின்; அதைத்தான் மெல்லத் தூக்க வேண்டும். தூக்கினீர்கள், கிளிக் கேட்டது, திருப்புக் கம்பியும் ஒரு நூல் நகர்ந்தது. இப்போது திரும்பப் போய்த் தொடுங்கள். ஆறு வயசுப் பிள்ளையின் ஆடுகிற பல் மாதிரி, ஸ்பிரிங்கின் எதிர்ப்பு இல்லாமல் கொஞ்சம் ஆடி, சட்டென்று முட்டி நிற்கும். அந்தப் பின் உட்கார்ந்துவிட்டது. அந்த ஆட்டமும் இல்லாமல் கல் மாதிரி கிடந்தால் எல்லை தாண்டித் தூக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடித்துண்டும் விளிம்பில் மாட்டிக்கொண்டது. திருப்புக் கம்பியை மூச்சு விடுகிற வேகத்தில் தளர்த்துங்கள், அது விழும். கூடவே உட்கார்ந்தவர்களும் ஒன்றிரண்டு பேர் எழுந்து போவார்கள். போகட்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். தினம் பத்து நிமிடம், திறக்கவே கூடாது என்ற சபதத்தோடு உட்காருங்கள். ஒவ்வொரு பின்னாகத் தொட்டு, "மெத்தை, மெத்தை, தாத்தா, மெத்தை, பல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் பழகிவிடும்.

என்னவர் ராத்திரி 11 மணிக்கு சீரியல் பார்த்துக்கொண்டே பூட்டைக் குடைகிறார். இப்போது "மெத்தை, தாத்தா" என்று முனகல் வேறு. டாக்டரிடம் காட்டலாமா?
— அவர் மனைவி, அதே கோவை

வேண்டாம். கண் டிவியில் இருந்தால் கவனம் தானாக விரலுக்குப் போகும். அவர் சரியாகத்தான் செய்கிறார். இரண்டு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். சொந்தப் பூட்டு, இல்லையேல் உரியவர் மனமார அனுமதித்த பூட்டு. அதுவும் வாசலிலோ பீரோவிலோ வேலையில் இருக்கும் பூட்டாக இருக்கக் கூடாது. உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் கட்டிக் காக்கிற விதி இது. கம்பி செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போவதும் வேண்டாம். ரோந்து போலீஸிடம் "தாத்தா, பல்" கதை எடுபடாது.

எங்கள் ஊர் மாங்காய்ப் பூட்டில் எவ்வளவு தேடியும் ஒரு பின்கூட சிக்கவில்லையே?
— மலைக்கோட்டைக்காரன், திண்டுக்கல்

இருந்தால்தானே சிக்கும்? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊர்ப் பூட்டுக்குள் இருப்பவை லீவர் தகடுகள். சாவியைப் பார்த்தாலே தெரியும். விளிம்பு மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கினால் பெரும்பாலும் பின் பூட்டு. உருண்டைத் தண்டின் நுனியில் கொடி மாதிரி தகடு நீட்டிக்கொண்டிருந்தால் லீவர். நம் வீட்டுத் தொங்குபூட்டுகளில் லீவர்தான் ஏராளம். கடையில் விற்கும் கம்பி செட்டோ பின் பூட்டுக்கானது. பலர் முதல் வாரத்திலேயே மனம் உடைவது இந்தப் பொருத்தமில்லாத கல்யாணத்தால்தான்.

ஆனால் லீவரும் பேசும். 1851இல் லண்டன் மாபெரும் பொருட்காட்சிக்குப் போன அமெரிக்கர் ஏ. சி. ஹாப்ஸ், யாராலும் முடியாது என்று பேரெடுத்த சப் நிறுவனத்து லீவர் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். கள்ளச் சாவி போட்டு எந்தத் தகட்டையாவது அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகி உடைமைக்காரருக்குக் காட்டிக்கொடுக்கும். அதுதான் அதன் பெருமை. அந்த ஏற்பாடே "இந்தத் தகடு இதற்கு மேல் போகக் கூடாது" என்று ஹாப்ஸுக்கு உளவு சொல்லிவிட்டது. அடுத்து, பூட்டு நிறுவனமான பிராமாவின் கடை ஜன்னலில் 200 கினி பரிசு அறிவிப்போடு பல பத்து வருஷமாக வீற்றிருந்த பூட்டு. அதற்கு 16 நாளில் பரவிய சுமார் 51 மணி நேரம் ஆனது. மூன்று வாரத்தில் அலுத்துக்கொள்ளும் மதுரைக்காரர் கவனிக்க.

ஐந்து பின் ஒரேயடியாகக் குழப்புகிறது. குறைக்க முடியுமா?
— எளிமை விரும்பி, தஞ்சாவூர்

முடியும், அதுதான் நல்ல வழியும். உருளையைக் கழற்றி ஒரே ஒரு பின்னை மட்டும் உள்ளே வைத்து மாட்டுங்கள். அது அலுத்தபின் இரண்டு, பிறகு மூன்று. உள்ளே தெரிகிற கண்ணாடிப் பூட்டைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அங்கே கண் பார்த்துவிடுவதால் விரல் வேலைக்கே வராது. கழற்றும்போது உருளைக்குப் பின்னாலேயே அதே கனமுள்ள மரக்குச்சியைத் தள்ளிக்கொண்டு போங்கள். நான் குச்சியில்லாமல் சாப்பாட்டு மேஜையில் வைத்து உருவினேன். ஐந்து ஸ்பிரிங் பறந்தன. நான்கு கிடைத்தன. அன்றைக்கு ரசம் யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை.

பூட்டு பாதி திரும்பி அப்படியே நின்றுவிட்டது. திறக்கவும் இல்லை, திரும்பவும் வரவில்லை.
— திரிசங்கு, திருநெல்வேலி

இடுப்பு ஒடுங்கிய பின் உள்ளே இருக்கிறது. உடுக்கை மாதிரி நடுவில் சிறுத்திருப்பதால் உருளை அந்த இடுப்பில் போய்ச் சிக்கி, திறந்த மாதிரி நடிக்கிறது. ஒவ்வொரு பின்னாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஒன்றைத் தூக்கும்போது திருப்புக் கம்பி உங்கள் விரலை எதிர்ப்பக்கம் தள்ளும். புதியவர்கள் பயந்து அங்கேதான் அமுக்குவார்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற. உருளை பின்வாங்குகிறதா, கூடவே பின்வாங்குங்கள்.

வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது. உங்களைக் கூப்பிடலாமா?
— வாசலில் நிற்பவர், சென்னை

கூப்பிடாதீர்கள். போன மாதம் என் வீட்டுக் கதவே பூட்டிக்கொண்டது. கம்பி செட் பையில் இருந்தது. எதிர்வீட்டு மாமி, "நீங்கதான் திறப்பீங்களே!" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலையில் இருக்கும் பூட்டைத் தொடக் கூடாது என்ற விதியை அவருக்கு விளக்கிவிட்டு, முனையில் குடை நிழலில் சாவி போடுகிற பெரியவரைக் கூட்டிவந்தேன். வந்தவர் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு மருமகனிடம் சீட்டுப் பணம் பற்றிச் சண்டை போட்டபடியே குனிந்தார். பூட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சண்டை முடிவதற்குள் கதவு திறந்திருந்தது.