ஊறுகாய் பாட்டிலில் ஒரு போர்வீரர்

பிள்ளை கேட்பது நாய்க்குட்டி. பேரம் படிந்து கடைசியில் வீட்டுக்கு வருவது பெட்டா என்ற ஃபைட்டர் மீன். சென்னை கொளத்தூர் போன்ற மீன் சந்தைகளில் தனித்தனியாக அடைபட்டு நிற்கும் பெட்டாவைக் காட்டிக் கடைக்காரர் அடித்துச் சொல்வார்: “மோட்டார் வேணாம் சார், தொட்டியும் வேணாம். ஊறுகாய் பாட்டில் போதும்!”

பாதி உண்மை. பெட்டாவின் தலையில் லேபிரிந்த் என்றோர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியே அதனால் சுவாசிக்க முடியும். மூச்சுவிட முடிகிறது என்பதற்காக யாரும் லிஃப்டுக்குள் குடித்தனம் போவதில்லையே! இருபது லிட்டர் தண்ணீராவது வேண்டும், அதுவும் குளோரின் நீங்கியதாக. வெப்பம் 25 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. சூடாக்கும் செலவைப் பெரும்பாலும் சென்னை வெயிலே ஏற்றுக்கொள்கிறது.

தாய்லாந்து 2019இல் பெட்டாவைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தேசிய அந்தஸ்து பெற்றவர் இங்கே ஃபிரிட்ஜ் மேல், பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பக்கத்தில்.

‘பாவம், தனியா இருக்கே’ என்று இன்னொரு ஆண் மீனை வாங்கி விடும் கருணையாளர்களும் உண்டு. மறுநாள் காலை இரண்டுக்கும் துடுப்பு கிழிந்திருக்கும். சோற்றுப் பருக்கை போடும் பாட்டிகள் தனி ரகம். பெட்டாவோ புழுபூச்சி தின்னும் சுத்த அசைவம்.

எனவே தொட்டியை முதலில் வாங்குங்கள். அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகச் சில வாரங்கள் ஆகும். மீனை அப்புறம் வாங்கலாம்.