கிக் சந்தையில் பாயிரம்: முதல் மதிப்புரை என்னும் சிக்கல் குறித்து ஓர் ஆய்வு

ஃபைவர் என்னும் இணையச் சந்தை 2010ஆம் ஆண்டு இஸ்ரேலில் தொடங்கப்பட்டபோது எப்பணிக்கும் ஐந்து டாலரே விலை என்று வகுத்துக்கொண்டது. பின்னாளில் விலைகள் உயர்ந்தபோதும், புதிதாக நுழையும் எழுத்தாளர் அந்த ஐந்து டாலர் வாசற்படியில்தான் இன்றும் காத்திருக்கிறார். அங்கே விற்பனைக்கு வைக்கப்படும் பணி ‘கிக்’ எனப்படும்; அதாவது, தாம் எழுதித் தரவல்லது யாது, எத்தனை சொல், எத்தனை நாள், என்ன விலை என்பவற்றை ஒரே பக்கத்தில் அடக்கிக் கடைவிரிப்பது. இவ்வாறு கடைவிரித்தவருக்கு வாரக்கணக்கில் ஓர் ஆர்டரும் வாராமைக்குத் தேடுசொல்லின் குறை, முகப்புப் படத்தின் குறை என வழிகாட்டுவோர் பலவாறு காரணம் கற்பிப்பர். இது பாயிரவியல் சார்ந்த சிக்கல் என்பதும், 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் இதன் அடிப்படைகளை வகுத்துவிட்டார் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

நூலுக்கு முன்னர் வைக்கப்படும் அறிமுகவுரையே பாயிரம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டும் என்பது இலக்கணம். இவற்றுள் நூற்பெயருக்குக் கிக் தலைப்பு நேராகும். அது எண்பது எழுத்துக்குள் அடங்குவதோடு ‘ஐ வில்’ என்றே தொடங்கவும் வேண்டுமாதலால், தன்மை ஒருமையில் சூளுரைக்கும் நூற்பெயர் உலகில் வேறெங்கேனும் உண்டா என்பது தனியே ஆராயத்தக்கது. ஆக்கியோன் பெயரைப் பொறுத்தவரை, சொந்தப் பெயரை முன்பே எவரோ பதிந்துவிட்டபடியால், பிறந்த ஆண்டின் இரண்டு இலக்கங்களைத் தாங்கியே அது பெரும்பாலும் வழங்கும். வழி என்பது முதனூல் இன்னதென உரைப்பதாதலின், தேடலில் முதலில் வரும் கிக்கைப் பார்த்து எழுதப்பட்ட கிக்குகள் அனைத்தும் வழிநூல் என்றே கொள்ளப்படும். யாப்பு என்பது இதன்பின் இது என்னும் இயைபு. வலைத்தளக் கட்டுரை, பயோடேட்டா, திருமண வாழ்த்துரை ஆகிய மூன்றையும் ஒருவரே அடுத்தடுத்து விற்கும் இடத்தில் அதனைக் காண்பது நன்னூலுக்கு உரை வகுத்த மயிலைநாதருக்கும் அரிதாகவே இருந்திருக்கும். காலம், களம், காரணம் என மூன்றைக் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். அவற்றுள் காரணம் பற்றி ஐயமில்லை: பவணந்தியாரை நூல் செய்யுமாறு சீயகங்கன் என்னும் மன்னன் வேண்டிக்கொண்டமை, கிக் எழுத்தாளர்க்கு வீட்டு வாடகை.

இனி, தற்புகழ்ச்சி. தன்னைத் தானே புகழ்தல் புலவர்க்குத் தகாது என விலக்கிய நன்னூல், அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் அது தகும் எனப் புறனடை தந்தது. அறியாதார் நடுவில் என்னும் இரண்டாம் விதியொன்றே கிக் சந்தை முழுவதற்கும் போதுமானது. ஏனெனில் அங்கு எவரையும் எவரும் அறியார். நேற்றுக் கணக்குத் திறந்தவர் தம்மைத் ‘தொழில்முறை எழுத்தாளர்’ என்றும், ‘தேடுபொறி உகப்பாக்க வல்லுநர்’ என்றும் எழுதிக்கொள்வது இலக்கணப்படி வழுவன்று, வழுவமைதியே.

உண்மையான இடர்ப்பாடு சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியார் யார் என்னும் வினாவில் தொடங்குகிறது. தன்னாசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன் என நால்வரை நன்னூல் அனுமதிக்கிறது. ‘ரிவ்யூ’ எனப்படும் மதிப்புரையே கிக்கிற்குரிய சிறப்புப் பாயிரமாகும். ஆனால் ஆசிரியரையோ உடன்பயின்றவரையோ வாங்குநராக வரவழைத்து அதனை எழுதச் செய்வது போலி மதிப்புரை எனப்பட்டு, கணக்கே முடக்கப்படும். எழுநூறு ஆண்டுகளாகத் தகுதியெனக் கருதப்பட்ட அறிமுகம் இங்கே குற்றமாயிற்று. ஐந்து டாலர் செலுத்திய முன்பின் தெரியாதவர் ஒருவரே பாயிரம் பாட உரியவர். அவரோ பாயிரம் இல்லாத கிக்கைத் திறந்தும் பாரார். மதிப்புரை இன்றி ஆர்டர் இல்லை, ஆர்டர் இன்றி மதிப்புரை இல்லை. ஒன்றை ஒன்று பற்றி நிற்கும் இக்குற்றத்தைத் தருக்க நூலார் அந்நியோந்நியாசிரயம் என்பர். அவர்கள் அதனைக் கண்டித்தார்களே ஒழிய, அதற்குள் அகப்பட்டவர் வெளியேறும் வழியைச் சொல்லவில்லை.

நடைமுறையில் கண்டறியப்பட்ட வழி விலைக்குறைப்பே. ஐந்நூறு சொற் கட்டுரை ஐந்து டாலருக்கு விற்கும். சந்தை தன் பங்காக இருபது விழுக்காட்டைக் கழிக்க, நான்கு டாலர் எஞ்சும். சொல்லுக்கு முக்கால் சென்ட்டைச் சற்றே தாண்டும் அத்தொகையும், வேலை முடிந்து பதினான்கு நாள் சென்ற பின்னரே எடுக்கத்தக்கதாகும். இதனைக் கூலி எனக் கொண்டு நோக்குவோர் வருந்துவர். பாயிரம் பாடுவோருக்கு எழுத்தாளர் அளித்த மறைமுகப் பரிசில் எனக் கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

அப்வொர்க்கின் முறை வேறு. 1999இல் தோன்றிய ஈலான்ஸும் 2003இல் தோன்றிய ஓடெஸ்க்கும் இணைந்து 2015இல் இப்பெயர் பெற்ற அச்சந்தையில், வேலை அறிவிப்பைக் கண்டு எழுத்தாளரே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் ‘கனெக்ட்’ எனும் வில்லைகள் வேண்டும். இலவச வில்லைகள் தீர்ந்தபின் ஒன்றின் விலை 15 சென்ட். பத்து வில்லை கேட்கும் வேலைக்கு ஒன்றரை டாலர் செலுத்தி ஓலை விடுத்தவர், அவ்வோலை திறக்கப்படாமலே கிடப்பதைக் காண்பதும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது ஒளவையார் வாயில் காவலனை விளித்துச் சினந்தது புறநானூற்றில் உள்ளது; அச்சினத்திற்கு முன்னர் அவர் நுழைவுக் கட்டணம் செலுத்தியதாகக் குறிப்பில்லை.

எல்லை பற்றியும் சிறிது உரைக்க வேண்டும். வடவேங்கடம், குமரி என்பன போன்ற எல்லைகள் இங்கு நிலத்தில் இல்லை, கடிகாரத்தில் உள்ளன. நியூயார்க் இந்தியாவுக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே காலை ஒன்பதுக்கு அனுப்பப்படும் வினாவுக்கு மதுரையிலுள்ள எழுத்தாளர் இரவு உணவுக்கு இடையில் விடை தர நேரும். விடையின் விரைவும் அளக்கப்படுவதால் சோறு ஆறும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர் பாயிரத்தின் முதல் உறுப்பே ஆட்டம் கண்டது. ஆக்கியோன் பெயர் யாது என்று கேட்ட இலக்கணம், ஆக்கியோன் ஒருவன் உளன் என்பதை ஐயுறவில்லை. வாங்குநரோ, கட்டுரையை ஒரு கண்டறி கருவியில் இட்டு, எழுதியவர் மனிதரே எனச் சான்று வேண்டுகிறார். பிழையற்ற உரைநடை ஐயத்துக்குரியதாகிவிட்டபடியால், ஓரிரு பிழைகளை வேண்டுமென்றே விட்டுவைக்கும் புதுவகை உத்தி உருவாகக்கூடும். நன்னூலின் முப்பத்திரண்டு உத்திகளுள் இது இல்லை.

இத்தனைக்கும் பிறகு வந்து சேரும் முதல் மதிப்புரை ‘குட்’ என்னும் ஒரு சொல்லாய் அமையுமாயின், பதினோரு உறுப்புகளில் எதுவும் இல்லாத அதனைப் பாயிரம் எனலாமா என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு. ஐந்து விண்மீன்களோடு வந்தால் அமையும் என்பதே பெரும்பான்மை எழுத்தாளர் கொள்கை. அதே வாங்குநர் அடுத்த கட்டுரையை அதே ஐந்து டாலருக்குக் கேட்பாராயின் விலை உயர்த்துவதா, இணங்குவதா என்பது பாயிரத்துள் அடங்காத பொருளாதலின் இங்கு ஆராயப்படவில்லை. நன்னூலில் பாயிரத்தை அடுத்து எழுத்ததிகாரம் வரும். கிக் சந்தைக்கு வழிகாட்டுவோர் பெரும்பாலும் அவ்வதிகாரத்துக்கு வந்து சேர்வதில்லை.