டாக்டருக்குத் தப்பாகக் கடி கொடுப்பது எப்படி?

முதலில் தாடை கெட வேண்டும். காரைக்கால்காரர்களுக்கு இதற்குத் தனி முயற்சி வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது நமக்குச் சின்ன வயசுப் பழக்கம். பெரிய ஆபீஸ் வேலை என்றால் 130 கிலோமீட்டர் போல பஸ்ஸில் புதுச்சேரி போக வேண்டும், வழியெல்லாம் தமிழ்நாடு. பகலில் கடித்தது போதாதென்று ராத்திரியும் நறநறவென்று அரைத்து வந்தால், காதுக்கு முன்னாலிருக்கும் மூட்டு ஒருநாள் ‘டக்’ என்று வாய் திறந்து பேசும்.

பேசவில்லையா? ஆனி மாதம் வரை பொறுங்கள். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் சிவன் பிட்சாடனராக வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கையில் சிக்கியதை அப்படியே முழுசாகக் கடியுங்கள். நல்ல வாய் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும். மூன்று விரலை அடுக்கி நுழைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மாம்பழத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. என் தாடை சிக்கியது அங்கேதான். கையில் பழம், வாய் பாதி திறந்தபடி நின்றேன். எனக்கு அருள் வந்துவிட்டதென்று பக்கத்துப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது பல் டாக்டர். ராத்திரி மாட்டிக்கொள்ள அக்ரிலிக்கில் ஒரு தட்டு செய்து தருவார். ஸ்ப்ளின்ட் என்று பெயர். அதற்கு முன் ‘பைட் எடுக்கணும்’ என்பார், அதாவது கடியை அளவெடுப்பது. வெந்நீரில் இளக்கிய மெழுகைப் பற்களுக்கு நடுவே வைத்துக் ‘கடிங்க’ என்றதும், சாப்பாட்டு ருசியில் கடிப்பதுபோல மெழுகில் ஓட்டை விழும்வரை கடியுங்கள். வேலை முடிந்தது, அளவு கெட்டது.

ஏனென்றால் தாடைக்கு இரண்டு எஜமானர்கள். மூட்டு தன் குழிக்குள் நிம்மதியாக உட்கார ஓர் இடம் கேட்கும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்த வேறோர் இடம் கேட்கும். பெரும்பாலோருக்கு இவை இரண்டும் கொஞ்சமாவது விலகியிருக்கும். ஆள்வது புதுச்சேரி, சுற்றி இருப்பது தமிழ்நாடு என்று நாம் ஓட்டவில்லையா? தசைகளும் அப்படித்தான் ஓட்டுகின்றன. கடி என்று சொன்னதும் தாடை பழகிய இடத்துக்கே ஓடிவிடும். (இந்த விலகல்தான் வலிக்குக் காரணமா என்று டாக்டர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. அவர்கள் தாடை என்னவாகிறதோ.)

கெட்டிக்கார டாக்டராக இருந்தால் உங்களைக் கடிக்கவே விடமாட்டார். முன்பற்களுக்கிடையே பஞ்சுருளையைச் செருகிச் சற்று நேரம் உட்கார வைப்பார். கடைவாய்ப் பற்கள் தொடாமலிருந்தால் தசைக்குப் பழைய இடம் மறக்கும் என்பது கணக்கு. விக்டர் லூசியா 1964-ல் எழுதிவைத்த ‘ஜிக்’கும் இதே தந்திரம்தான்: மேல் முன்பல்லில் ஒரு குட்டி மேடை, கீழ் முன்பல் மட்டும் அதில் சறுக்கும். லீஃப் கேஜ் என்றால் பிளாஸ்டிக் இதழ்கள். கடைவாய் விலகும்வரை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். பீட்டர் டாசன் முறைக்குக் கருவியே வேண்டாம். நாற்காலியைச் சாய்த்து, தலைமாட்டில் உட்கார்ந்து, கட்டைவிரல்களை முகவாயிலும் மற்ற விரல்களைத் தாடை எலும்பின் அடியிலும் வைத்து, குழந்தையை ஏந்துவதுபோல டாக்டரே தாடையை ஏந்தி அசைப்பார். இதைக் கெடுக்க நிச்சயமான வழி, அவருக்கு உதவி செய்வது. ‘தாடையை விடுங்க, நான் பாத்துக்கறேன்’ என்பார். ‘விட்டுட்டேன் சார்’ என்று சொல்லிக்கொண்டே இறுக்குங்கள்.

டாக்டர் பங்குக்கும் ஒன்று உண்டு. பல்லோடு பல் ஒட்டிய நிலையில் அளவெடுத்துவிட்டு, தட்டின் கனத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று மில்லிமீட்டரை லேபில் ஆர்ட்டிகுலேட்டர் என்ற தாடை இயந்திரத்தில் தூக்கிக்கொள்ளச் சொல்லலாம். இயந்திரத்தின் கீல் இருக்கும் இடமும் உங்கள் மூட்டின் கீல் இருக்கும் இடமும் ஒன்றல்ல. அதனால் இயந்திரத்தில் சமமாகப் பொருந்திய தட்டு, வாய்க்குள் ஒரு மூலையில் மட்டும் இடிக்கும். தட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு வாய் திறந்த நிலையிலேயே பைட் எடுத்தால் இந்த வம்பு குறைந்துவிடும். அதனால் எடுக்க வேண்டாம்.

மெழுகை லேபுக்கு அனுப்பும்போது சித்திரை வெயிலில், பஸ் டிரைவர் கண்ணாடிக்குக் கீழே வைத்து அனுப்பவும். சிலிக்கோன் பேஸ்ட் வந்தபின் இந்தக் கலை நசிந்துவருகிறது.

தட்டு வந்ததும் கலர் தாளைக் கடிக்கச் சொல்லி, நீலப்புள்ளி விழும் இடத்தைத் தேய்ப்பார்கள். அடுத்த வாரம் வரச் சொல்வார்கள், போகாதீர்கள். தசை தளரத் தளரத் தாடை இடம் மாறும், புள்ளியும் மாறும், மறுபடி தேய்க்க வேண்டும். நான் அசடு, போனேன். நாலாவது தடவை இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமாக விழுந்தன.

அடுத்த ஆனியில் அதே பாட்டி மாம்பழம் நீட்டினார். கத்தி கேட்டேன். அம்மையார் பழத்தைக் கத்தியால் வெட்டுவதா என்று அவருக்கு இன்னும் வருத்தம்.