கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார்

எங்கள் கல்லூரி நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே போய் நிற்பதற்குள் குரல் வந்துவிடும்: "சார், கேட் ரிஜிஸ்டர்!"

சணல் கயிற்றில் கட்டிய பேனா, நாலு பத்தி போட்ட நீள நோட்டு. பெயர், வந்த நேரம், நோக்கம், போன நேரம். போன் பேச வெளியே போய்த் திரும்பினால் மறுபடி ஒரு வரி. அப்படி ஒரே நாளில் நாலு வாசகர்களாக நான் இருந்திருக்கிறேன். கையில் புத்தகம் ஒன்றுமில்லை. ட்யூப் லைட் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஏணியோடு நின்று கையெழுத்துப் போட்டார். கூரியர் பையன் போட்டான். மழை பெய்தால் நம் நூலகர் முகத்தில் தீபாவளிதான். பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் ஒதுங்க வருமே!

நோக்கம் என்ற பத்தியில் பையன்கள் உண்மையை எழுதிவிடுவார்கள். ஒருவன் 'ஏ.சி.' என்று எழுதினான். மாலையில் அதே பேனாவால் அது 'குறிப்பெடுத்தல்' ஆனது. இன்னொருவன் எழுதிய 'தூக்கம்', 'ஆழ்ந்த வாசிப்பு' என்று திருத்தம் பெற்றது. ஒரு விதத்தில் சரிதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு, ஒரு நாளைக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை மாணவர் நூலகத்துக்கு வருகிறார்கள் என்று கணக்குக் கேட்கும். அந்த எண்ணை வைத்துத்தான் மனிதர் வாழ்கிறார். சுவரில் எஸ். ஆர். ரங்கநாதன் படம், நூலகர் தினமான ஆகஸ்ட் 12 அன்று மாலை விழும். 1931இல் ரங்கநாதன் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்தப் படத்துக்குக் கீழேதான் கையெழுத்துக்கு வரிசை நிற்கிறது.

நிர்வாகக் கூட்டத்தில் தாளாளர் வருடா வருடம் ஒரே கேள்விதான் கேட்பார். "எல்லாம்தான் செல்போன்லயே இருக்கே, லைப்ரரிக்கு எதுக்கு இத்தனை லட்சம்?" நூலகர் எழுந்து, மஞ்சளும் ஊதாவுமாகத் தூண் தூணாக வரைந்த படத்தை நீட்டுவார். "போன வருஷத்தைவிட வருகை கூடியிருக்குங்க ஐயா."

"அப்ப கரண்டு பில்லும் கூடியிருக்குமே?"

உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு எரிச்சல் ரிஜிஸ்டர் மேல் அல்ல, இந்த உட்காருதலின் மேல்தான். ஆய்வேட்டுக்கு ஒரு பழைய கட்டுரை கிடைக்காமல் நான் இரண்டு மாதம் அலைந்தேன். காசு கட்டினால்தான் திறப்பேன் என்றது பதிப்பாளர் தளம். நம் நூலகர், நூலகங்களை இணைக்கும் டெல்நெட் வழியாக எழுதிப் போட்டு, வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்து, "இதுதானே சார்?" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு துறைகள் ஒரே ஆய்விதழைத் தனித்தனியாகக் கேட்டுச் சந்தா கட்டவிருந்தபோது, பட்டியலில் விரல் வைத்து ஒன்றை அடித்தவரும் இவரே. மிச்சமான பணத்தில் இந்த ஏ.சி.யே பல மாதம் ஓடும். தாளாளருக்குப் புரிகிற ஒரே மொழி ரூபாய். இவரோ ரூபாய்க் கணக்கை ஒளித்துவைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் கையெழுத்தைக் காட்டுகிறார்.

"இதையெல்லாம் ஏன் சார் கூட்டத்துல சொல்லல?"

"அது நம்ம வேலைதானே சார். அதைப் போய் எப்படிச் சொல்றது?"

"வேலையைச் சொல்லக் கூசுது, மழைக்கு ஒதுங்கினவன் கணக்கைச் சொல்லக் கூசலையா?" என்று கத்திவிட்டேன். படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். ஒருவன் விழித்தான்.

அவர் கோபிக்கவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். வந்த நேரம் 3.10, போன நேரம் 3.25. நோக்கம் என்ற பத்தியில் வேண்டுமென்றே 'நூலகரைத் திட்ட' என்று எழுதிவிட்டு வந்தேன்.

மறுநாள் பார்த்தேன். 'துறைசார் கலந்துரையாடல்.'