மைனர் மருமகனுக்கு மாமன் சொல்றது

வா மருமகனே. கொழும்புல இருந்து மொரிஸ் மைனர்ல ஜம்முனு வாரேன்னு சொன்ன. கடுகண்ணாவை ஏத்தத்துல தள்ளிக்கிட்டு வந்தியாம். பொலிஷ் மட்டும் அருமை, உன் வேர்த்த மூஞ்சி பானெட்டுல அப்படியே தெரியுது. மாவனல்லைக்கிட்ட, உதுவன்கந்தையில, முந்தி கொள்ளைக்காரன் சரதியேல் வண்டிகள மறிப்பானாம். அவனை 1864ல கண்டியில தூக்குல போட்டாச்சு. இப்ப அந்த உத்தியோகத்த உன் ரேடியேட்டர் பாக்குது.

இனி ஊர் வழக்கப்படியே செய். ஆவி பறக்கும்போதே மூடியத் திற. கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே, மூஞ்சி எதுக்கு? தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசு. மார்கழிப் பனியில எஞ்சின் சூடேறாம, சோக்க இழுத்தபடியே கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போ. பெற்றோல் குடிக்கும், சிலிண்டர் தேயும், மத்தியானம் ஏத்தத்துல பழையபடி கொதிக்கும். அப்புறம் ஹெட்டக் கழட்டு. கராஜ் பாஸும் வீடு கட்டணுமில்ல?

கிழவன் பேச்சையும் கேப்பேன்னா, முதல்ல எஞ்சின ஆறவிடு. தெர்மோஸ்டாட்டுல 82ன்னு அடிச்சிருக்கும். அதச் சட்டித் தண்ணியில போட்டு அடுப்புல வை. கொதிக்கிறதுக்கு முன்னயே வாய் திறக்கணும். திறக்காட்டி புதுசு வாங்கு. மூடியோட ரப்பரையும் பாரு. கண்டி 500 மீட்டர் உயரம், இங்க திறந்த தண்ணி 98 பாகையிலயே கொதிச்சிரும். 7 இறாத்தல் மூடி ஒழுங்கா அழுத்தினா 110 வரைக்கும் தாங்கும். பெயின்டுக்கு அவ்வளவு கொட்டின நீ, மூடிக்குக் கணக்குப் பாக்குற!

எனக்குச் சந்தேகமெல்லாம் பிளாக்குல இருக்கிற தண்ணி வடிக்கிற குழாய் மேலதான். வண்டி ஆறினதும் அதத் திறந்து பாரு. ஒண்ணும் வராது. தண்ணி இல்லாம இல்ல, சேறு அடைச்சிருக்கும். கம்பிய விட்டுக் குத்து; தேத்தண்ணி நிறத்துல துரு வழியும். பின் சிலிண்டரச் சுத்தி அரை நூற்றாண்டு அழுக்கு உக்காந்திருந்தா, புது ரேடியேட்டர் வச்சு என்ன புண்ணியம்? கீழ் ஹோஸயும் கழட்டி, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் எதிர்ப்பக்கமா அடிச்சுக் கழுவு. ஹோஸ் கையில நொளநொளன்னு இருந்தா மாத்து. ஓட்டத்துல உறிஞ்சி ஒட்டிக்கும்.

பெல்ட் தளர்ந்திருந்தா இழுத்துக் கட்டு. டைமிங்கயும் பாக்கச் சொல்லு. ஸ்பார்க் பிந்தினா நெருப்பு வேலை செய்யாம பிளாக்கத்தான் சுடும். இதுக்கெல்லாம் பிறகும் ரேடியேட்டருல குமிழி வந்தா, சரி, கேஸ்கெட்தான். அப்ப ஹெட்டக் கழட்டு, நான் குறுக்க நிக்கல.

அடுத்த மாசம் நுவரெலியா கூட்டிட்டுப் போறேன்னு உன் அத்தைக்கிட்ட வாக்குக் குடுத்திருக்கியாம். றம்பொடை ஏத்தம் கடுகண்ணாவையவிட நீளம். மேல தண்ணி 94லயே கொதிக்கும். நான் உன்கூட வாரேன், தள்ள ஆள் வேணும். அவளை மட்டும் பஸ்ல அனுப்பிரு.